ஒரு பக்கம் சாயும் ராக்கெட்

டென்னிஸ் ராக்கெட்டுக்கு நரம்பு கட்டும் ஸ்ட்ரிங்கிங் மெஷின் முன்னால் புதிதாக உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷம் ராக்கெட்டோடு மல்லுக்கட்டியவள் எழுதுகிறாள், படித்தால் எல்லாம் தெளிவாகிவிடும் என்று நினைத்தீர்களானால் பாதியிலேயே உங்களுக்குக் கோபம் வரும். எனக்கு வேலை தெரியும். அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு ராக்கெட்டில் ஒன்று ஏன் ஒருத்திக்குப் பிடிக்கிறது, மற்றது ஏன் ஆகவே மாட்டேன் என்கிறது என்று கேட்டால், கடையை விட்டு நின்ற பிறகும் நான் தலையைச் சொறிந்துகொண்டுதான் இருக்கிறேன்.

நான் மில்லிலிருந்து வந்தவள். இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் வைண்டிங் பகுதியில், கோன் என்கிற கூம்புக் குழலில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். நூலை எவ்வளவு இழுத்தால் அறும், எவ்வளவு விட்டால் தொய்யும் என்பது விரலுக்குப் பழகியிருந்தது. மில்லில் ஆள் குறைத்தபோது என்னையும் குறைத்தார்கள். விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்த பாய், "நூலு இழுத்த கைதானம்மா, நரம்பு இழுக்க வராதா? வந்து பாரு" என்று கூப்பிட்டார். வந்து பார்த்தேன், வந்தது. முதல் வருஷம் முழுக்கப் பூப்பந்து ராக்கெட்டுதான். பிறகு மில் கிளப்புகளின் டென்னிஸ் ராக்கெட்டுகள் வர ஆரம்பித்தன. அவற்றோடு என் குழப்பமும் வந்தது.

பாய் கடையில் இரண்டு மெஷின்கள் இருந்தன. ஒன்று கையால் சுற்றுவது. ஐம்பது பவுண்டு இழுவை வந்ததும் அது பூட்டிக்கொள்ளும். பூட்டிய நொடியிலிருந்தே ஸ்ட்ரிங் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். இன்னொன்று பிறகு வாங்கிய கரண்ட் மெஷின். அது ஸ்ட்ரிங் தளரத் தளர விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டிலும் நம்பர் ஐம்பதுதான். வாடிக்கையாக வரும் ஒரு பல் டாக்டருக்குப் புது மெஷினில் போட்டுக் கொடுத்தேன். மறுநாளே திரும்பி வந்து, "என்னம்மா இது, பலகைய வச்சு அடிக்கிற மாதிரி இருக்கு" என்றார். நான் விடுவேனா? மெஷினில் நம்பரைக் காட்டி, "ஐம்பதுதான் சார், நீங்களே பாருங்க" என்று வாதாடினேன். அவர் போன பிறகு பாய் என்னிடம், "அவருக்கு நாம நம்பரா விக்கோம்? ராக்கெட்டுல்லா விக்கோம்" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு முகம் சுண்டிப்போனது.

அன்றிலிருந்து ஆடுகிறவர் சொல்வதை முதலில் நம்புவது, மெஷின் சொல்வதைப் பிறகு நம்புவது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டும் எதிரெதிராக நின்று, நடுவில் ஒரு பெண்ணின் வாழ்க்கை மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? அது எனக்கு மாரீஸ்வரி விஷயத்தில்தான் வந்தது. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

இராஜபாளையம் கிளப் ஒன்றில் கோடை விடுமுறைப் போட்டி. கோர்ட்டுக்குப் பக்கத்து அறையில் பாய் கடையின் மெஷினைக் கொண்டுபோய் வைத்து, நான் ஸ்ட்ரிங் போட உட்கார்ந்திருந்தேன். வெளியூர்க் கல்லூரி ஒன்றிலிருந்து ஓர் அம்மா வந்து தினமும் முதல் வரிசையில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார். பெண்கள் ஒற்றையர் பிரிவில் ஜெயிப்பவளுக்குப் படிப்பும் ஹாஸ்டலும் கல்லூரிப் பொறுப்பு என்று சொல்லியிருந்தார்கள். இரண்டாவதாக வருபவளுக்குக் கைதட்டல்தான்.

மாரீஸ்வரி ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளை. பிளஸ் டூ முடித்திருந்தாள். அவள் அப்பா குருசாமி இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணி சுருட்டும் பகுதியில் வேலை பார்த்தார். தினமும் வண்டியில் வந்து போகிறவர். மகளுக்குக் கல்லூரி கிடைத்தால் கல்லூரி; கிடைக்காவிட்டால் அதே கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். அதை அவரே முதல் நாள் என்னிடம் சாதாரணமாகச் சொன்னார். அந்தப் பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டு காலால் தரையைத் தேய்த்தாள்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ராக்கெட்டின் கழுத்தில், ஒரு முகத்தில் மட்டும், சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்திருந்தாள். ஒவ்வொரு பாயிண்டுக்கும் முன்னால் ராக்கெட்டைப் பார்ப்பாள். பொட்டு மேலே இருந்தால் ஆடுவாள். கீழே இருந்தால் திருப்பிக்கொள்வாள். ஆடுகிற பிள்ளைகளுக்கு இப்படி ஆயிரம் சடங்கு இருக்கும். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அரையிறுதி காலையில் நடந்தது. ஜெயித்துவிட்டாள். ஜெயித்தவள் சிரித்துக்கொண்டு வருவாள் என்று பார்த்தால், ராக்கெட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அறைக்குள் வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அத்தை, கடைசிப் பாயிண்டுல கரக்குன்னு ஒரு சத்தம். பாருங்களேன்."

பார்த்தேன். கழுத்து பிரியும் இடத்தில் பிரேம் விரிசல் விட்டிருந்தது. விரலால் அழுத்தினால் வாய் திறந்தது. கார்பன் பிரேம் அப்படி விட்டுவிட்டால் அதோடு கதை முடிந்தது.

"ஏட்டி, வேற ராக்கெட்டு இருக்குல்லா?"

"இருக்கு. வீட்ல கெடக்கு. அது ஆகாது அத்தை."

"ஏன் ஆகாது?"

"இதே மாடல்தான். கோச் சார் ரெண்டையும் சோடியாத்தான் வாங்கிக் குடுத்தாவ. ஆனா அதுல அடிச்சா மணிக்கட்டு கடுக்கு. பந்தும் நா நெனச்ச எடத்துக்குப் போகாது. இதுகூட மொதல்ல அப்பிடித்தான் இருந்துச்சு. பொறவு இது மட்டும் சரியாயிருச்சு."

இந்தக் கடைசி வார்த்தையை நான் காதில் வாங்கிக்கொண்டேன், மனசில் வாங்கிக்கொள்ளவில்லை. இறுதி ஆட்டம் அன்று சாயங்காலமே. என் நினைப்பெல்லாம் அதில்தான் இருந்தது. அதற்குள் குருசாமி ஓடி வந்தார். உடைந்தது என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த எடத்துலக்கா விட்டிருக்கு?" என்பது. கழுத்தைக் காட்டினேன். "ஓ, அங்கயா" என்று மூச்சு விட்டார். மகளின் ராக்கெட் உடைந்து கிடக்கையில் ஒரு தகப்பனுக்கு அதில் என்ன நிம்மதி என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் நேரமில்லை.

"நா போயி அந்த இன்னொண்ண எடுத்துட்டு வாரேன்" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பறந்தார்.

அவர் போனதும் உடைந்த ராக்கெட்டை அளந்தேன். பொதுவாக பிரேம் விட்டால் உடனே ஸ்ட்ரிங்கை வெட்டிவிடுவோம். நான் வெட்டவில்லை. காப்பாற்ற இனி அதில் ஒன்றுமில்லை. ஆனால் அதைப் போலவே இன்னொன்றை ஆக்க வேண்டும் என்றால் அது இருந்தபடியே எனக்கு வேண்டும். எடை பார்த்தேன். பேலன்ஸ் பலகையில் வைத்து, எந்த இடத்தில் தராசுபோல நிற்கிறது என்று குறித்தேன். ஸ்ட்ரிங்கின் இழுவையைப் பார்த்தேன். எல்லாம் கையில் இருந்தது. இனி பயமில்லை என்று டீ சொல்லி வரவழைத்துக் குடித்தேன். அந்த டீயை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

குருசாமி திரும்பி வரத் தாமதமானது. வழியில் ரயில்வே கேட்டை மூடிவிட்டார்களாம். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, துண்டில் சுற்றிய ராக்கெட்டை நீட்டினார். புதிதுபோல இருந்தது. யாரும் தொடாத ராக்கெட்டுக்கு ஒரு முகம் உண்டு, அது அதில் தெரிந்தது.

ஸ்ட்ரிங் போட்டேன். அதே ரகம், அதே மெஷின், அதே இழுவை. எடை பார்த்தால் இது பழையதைவிடக் கொஞ்சம் குறைவு. ஒரே மாடலில் இப்படி வித்தியாசம் வருவது சகஜம்தான். அதற்குத்தான் ஈயப் பட்டை இருக்கிறது. ராக்கெட்டின் முகத்தை ஒரு கடிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி இருக்கும் இடத்தில் கொஞ்சம், ஒன்பது மணி இருக்கும் இடத்தில் அதே அளவு கொஞ்சம் என்று இரண்டு பக்கமும் சமமாக ஒட்டுவது முறை. பிரேமை வடிவமைக்கிறவர்கள் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்று பாடுபடுகிறார்கள். அதை நாம் ஒரு பக்கம் சாய்க்கக் கூடாது. ஒட்டினேன். எடை பழையதோடு சரியாகப் பொருந்தியது. பேலன்ஸும் அதே குறியில் நின்றது.

"இந்தா, இதான் உன் ராக்கெட்டு. போயி அடிச்சுப் பாரு" என்று கொடுத்தேன்.

பின்பக்கக் கோர்ட்டில் கோச் பந்து போட, அவள் அடித்தாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். மூன்றாவது பந்திலேயே அவள் தோள் இறங்கிவிட்டது. கொஞ்ச நேரம் அடித்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டே என்னிடம் வந்தாள்.

"இது அது இல்ல அத்தை."

"எடை அதே எடைட்டி. பேலன்ஸ் அதே பேலன்ஸ்."

"இருக்கும். ஆனா இது அது இல்ல."

பின்னாலேயே வந்த கோச் நல்ல மனுஷர். அவருக்கும் அன்று பதற்றம். "எல்லாம் மனசுதான்மா. பைனல்னா அப்படித்தான் இருக்கும். ஸ்ட்ரிங்கோட டென்ஷன ரெண்டு பவுண்டு கொறச்சுப் போட்டுக் குடுங்க, கைக்கு மெத்துன்னு இருக்கும், அவளும் சமாதானமாயிருவா" என்றார்.

கடையைச் சாத்திவிட்டு ஆட்டம் பார்க்க வந்திருந்த பாயும் எட்டிப் பார்த்து, "நேரம் ஆகுதும்மா, எதாவது ஒண்ணப் பண்ணு" என்றார்.

மாரீஸ்வரி என்னைப் பார்த்து, "நா பொய் சொல்லல அத்தை" என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். தராசும் பொய் சொல்லவில்லை. பலகையும் சொல்லவில்லை. யாருமே பொய் சொல்லாத இடத்தில் ஏன் இரண்டு பதில் வருகிறது? மறுபடி எடை பார்த்தேன். மறுபடி பலகையில் வைத்தேன். கிரிப்பின் தடிமனை விரலால் சுற்றிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. மண்டைக்குள் மில் ஓடுவதுபோல ஓர் இரைச்சல்.

கடைசியில் கட்டரை எடுத்தேன். கோச் சொன்னதுபோல அவிழ்த்துத் தளர்த்திப் போடுவோம் என்று நினைத்தேன். அந்த ரக ஸ்ட்ரிங் இன்னும் ஒரே ஒரு ராக்கெட்டுக்குத்தான் மிச்சம் இருந்தது. வெட்டினால் அதுதான் கடைசி. கட்டரின் வாயை நடு ஸ்ட்ரிங்கில் வைத்தேன். எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். அழுத்தினால் எல்லோருக்கும் நிம்மதி. அக்கா ஏதோ செய்கிறாள் என்று இருக்கும். எனக்குமே அப்படித்தான் இருந்திருக்கும்.

தம்பி தங்கைகளே, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அவசரத்தில் நம் கை எதையாவது செய்யத் துடிக்கும். சும்மா நிற்பது குற்றம்போலத் தோன்றும். ஆனால் நான் எதைச் சரிசெய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. தளர்த்தினால் அது மூன்றாவது ஒரு ராக்கெட்டாக ஆகுமே ஒழிய, அவள் கேட்ட ராக்கெட்டாக ஆகாது. கட்டரைக் கீழே வைத்தேன்.

"எல்லாரும் செத்த நேரம் வெளிய நில்லுங்க" என்றேன். பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்களுந்தான் பாய்" என்றேன். முதலாளியை வெளியே போகச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

அறையில் தனியாக உட்கார்ந்து உடைந்த ராக்கெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். என்ன பார்ப்பது என்று தெரியவில்லை. கை தானாக ஒரு வேலை செய்தது. மில்லில் கோன் கோணலாக இருக்கிறதா என்று பார்க்க, இரண்டு முனையையும் இரண்டு விரல் நுனியில் தாங்கி லேசாகச் சுற்றிவிடுவோம். சமமாக இருந்தால் எங்கே வேண்டுமானாலும் நிற்கும். ஒரு பக்கம் கனத்தால் அந்தப் பக்கம் கீழே வந்து நிற்கும். அதே மாதிரி கைப்பிடியின் அடியை ஒரு விரலிலும் ராக்கெட்டின் உச்சியை இன்னொரு விரலிலும் தாங்கி, படுக்கை வசத்தில் சுற்றிவிட்டேன்.

ஒரு பக்கம் கீழே வந்து நின்றது. மறுபடி சுற்றினேன். அதே பக்கம் கீழே வந்தது. எப்படிச் சுற்றினாலும் அந்தப் பக்கம்தான்.

நான் சமமாக ஈயம் ஒட்டிய புது ராக்கெட்டை எடுத்துச் சுற்றினேன். அது விட்ட இடத்தில் நின்றது.

மொத்த எடையும் ஒன்றுதான், பேலன்ஸும் ஒன்றுதான். ஆனால் பழையதில் அந்தக் கூடுதல் எடை முழுக்க ஒரே பக்கத்தில் இருந்திருக்கிறது. எந்தக் கம்பெனியும் அப்படி ஒரு ராக்கெட்டைச் செய்யாது. கனத்த பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கறுப்புப் பெயிண்ட் அங்கே மட்டும் கொஞ்சம் மங்கலாக இருந்தது. கத்தி முனையால் சுரண்டினேன். பெயிண்டுக்கு அடியில் பசை. பசைக்குள் சின்னச் சின்னக் கட்டமாக ஒரு நெசவு. இராஜபாளையத்துக்காரிக்கு, புண்ணுக்குக் கட்டும் காஸ் துணியின் நெசவுக் கண்ணைத் தெரியாதா? நம் ஊரில் ஒழுகும் குழாயிலிருந்து சைக்கிள் ஹேண்டில்பார்வரை எல்லாவற்றுக்கும் அதைத்தானே சுற்றுகிறோம்.

கதவைத் திறந்து, "குருசாமி தம்பி, நீங்க மட்டும் உள்ள வாங்க" என்றேன்.

சுரண்டிய இடத்தைப் பார்த்ததுமே அவர் கதவைச் சாத்தினார்.

"அக்கா, சத்தமாப் பேசாதீக."

"என்ன தம்பி இது?"

"போன வருசம் ஸ்ட்ரிங் போடக் கொண்டுபோறப்ப வண்டியில இருந்து நழுவி ரோட்டுல விழுந்துட்டுக்கா. ஓரத்துல கீத்து விட்டுட்டு. அவகிட்ட எப்பிடிச் சொல்லுதது? கம்பெனியில காஸ் துணி கெடந்துச்சு. தண்ணித் தொட்டிக்கு வைக்கிற பைபர் பசைய வாங்கி, துணிய வச்சு வச்சுச் சுத்தினேன். காஞ்ச பொறவு உப்புத்தாளு போட்டுத் தேய்ச்சுப் பெயிண்டு அடிச்சேன். காலையில ஒடஞ்சுதுன்னதும் என் கட்டுதான் விட்டுருச்சோன்னு உசுரே போயிட்டு."

"மணிக்கட்டு கடுக்குதுன்னு அதுக்கு முந்தி சொன்னாளா?"

"சொல்லுவா. கட்டுப் போட்ட பொறவு சொல்லவே இல்ல. அதுக்குப் பொறவுதான் அவ செயிக்கவே ஆரம்பிச்சா. அதான் எனக்கும் ஒண்ணும் புரியலக்கா."

அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. இரண்டு பேரும் அந்த உடைந்த ராக்கெட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். அடிபட்ட இடத்தில் துணியும் பசையும் சேர்ந்து ஒரு பக்கத்தைக் கனக்க வைத்திருக்கிறது. பொட்டை மேலே வைத்துப் பிடித்தால் அந்தக் கனம் எப்போதும் அவளுக்கு வலது பக்கத்தில் வரும். சரி, ஒரு பக்கம் கனத்தால் கைக்கு நல்லதா? நான் கற்றபடி நல்லதில்லை. பிரேம் கையில் திருகும். ஆனால் அவள் கை அந்தத் திருகலோடு ஒரு வருஷம் பழகியிருக்கிறது. அவள் பொட்டு வைத்ததே ஒருவேளை கை அதைக் கண்டுகொண்டதால்தானோ என்னவோ.

"அவகிட்ட இப்பச் சொல்லிறாதீகக்கா. இத்தன நாளும் ஒடஞ்சத வச்சா ஆடுனோம்னு மனசு விட்டுரும்" என்றார் குருசாமி. கண் கலங்கியிருந்தது.

"ஆட்டம் முடியட்டும். பொறவு நீங்களே சொல்லணும்" என்றேன். தலையாட்டினார்.

புது ராக்கெட்டில் இரண்டு பக்கமும் ஒட்டிய ஈயப் பட்டையை உரித்தேன். எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் ஒட்டினேன். ஒட்டும்போது கை கூசியது. ஒரு மோசமான ராக்கெட்டை அக்கறையாகச் செய்துகொண்டிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளையின் மணிக்கட்டுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்ற பயமும் இருந்தது. விரல் நுனியில் தாங்கிச் சுற்றிப் பார்த்தேன். பழையதுபோலவே ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. எந்த முகத்தில் பொட்டு வர வேண்டும் என்று பார்த்து, மாரீஸ்வரியைக் கூப்பிட்டு, "இந்தா, இந்தப் பக்கம் உன் பொட்ட வையி" என்றேன். பையிலிருந்து நெயில் பாலிஷை எடுத்து வைத்தாள். ஊதி ஊதிக் காய வைத்தாள்.

கோர்ட்டுக்குப் போய் நாலைந்து பந்து அடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இதான் அத்தை! என்ன செஞ்சீக?"

"கொஞ்சம் எடைய மாத்தி வச்சேன். போயி ஆடு."

கோச் சிரித்துக்கொண்டே, "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல, எல்லாம் மனசுதான்" என்றார். எனக்கு வந்த கோபத்தைப் பல்லைக் கடித்து அடக்கினேன்.

மெஷின் அறையைப் பூட்டிவிட்டுக் குருசாமி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எதிரே ஆடியது மதுரைப் பெண். நல்ல உயரம், நல்ல சர்வீஸ். முதல் செட் மாரீஸ்வரிக்கு, இரண்டாவது அந்தப் பெண்ணுக்கு. மூன்றாவதில் மாறி மாறி இழுத்தது. ஒவ்வொரு பாயிண்டுக்கும் முன்னால் மாரீஸ்வரி பொட்டைப் பார்த்தாள். அவளோடு சேர்ந்து நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். பொட்டு மேலே இருந்தால் எங்களுக்கு மூச்சு வரும். என் வேலை, அவர் செய்த கட்டு, அந்தப் பிள்ளையின் கல்லூரி எல்லாம் அந்தச் சிவப்புப் பொட்டில் இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றியது.

மூன்றாவது செட்டில் ஒரு கேம் எடுத்தால் ஜெயித்தாள் என்ற இடம். கோர்ட்டில் பக்கம் மாறும் இடைவேளையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். துண்டால் முகத்தைத் துடைத்தாள். நடுவர் கூப்பிட்டதும் சட்டென்று ராக்கெட்டை எடுத்துக்கொண்டு போய் நின்றாள்.

குருசாமி என் கையைப் பிடித்தார். "அக்கா, பொட்டு..."

பொட்டைக் காணோம். அது கீழ்ப்பக்கம் இருந்தது. அவள் பார்க்கவே இல்லை. நேராகப் பந்தைத் தூக்கிப் போட்டு சர்வீஸ் போட்டாள்.

"சொல்லிருவமாக்கா?"

"வாய மூடுங்க தம்பி" என்றேன். வெளியிலிருந்து சொல்லக் கூடாது என்பது விதி. விதி இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். அந்த நேரத்தில் ராக்கெட் நினைப்பு வந்தால் கை கட்டிப்போகும். ஆனால் கனம் இப்போது இடது பக்கம். வலது பக்கம் வந்த பிறகுதானே அவள் "இதான்" என்றாள்? அதற்காகத்தானே நான் முதலாளியையே வெளியே அனுப்பினேன்?

அந்தக் கேமில் அவள் அடித்ததைப்போல அன்று முழுக்க அடிக்கவில்லை. ஒவ்வொரு பந்தும் கோட்டை ஒட்டி விழுந்தது. ஒரு தடவைகூடக் குனிந்து பொட்டைப் பார்க்கவில்லை. கடைசிப் பந்து அந்தப் பெண்ணைத் தாண்டி மூலையில் விழுந்தபோது குருசாமி எழுந்து நின்று அழுதார். நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. சந்தோஷம்தான், ஆனால் என்ன நடந்தது என்றே எனக்கு விளங்கவில்லை.

கல்லூரி அம்மா அவளைக் கட்டிப்பிடித்து ஏதோ சொன்னார். அதன் பிறகு மாரீஸ்வரி எங்களிடம் ஓடி வந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே என் தோளைப் பிடித்தாள்.

"அத்தை, கடைசி கேமுலதான் ராக்கெட்டு சுத்தமாச் சரியாயிருச்சு. மொதல்லயே அப்பிடிப் போட்டுத் தந்திருக்கலாம்ல?"

குருசாமி என்னைப் பார்த்தார். நான் குருசாமியைப் பார்த்தேன்.

அன்று வண்டியில் போகும்போது அவர் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். வீட்டு வாசலில் இறங்கி நின்று, "அப்பா, அந்த ஒடஞ்சதத் தூரப் போட்டுறாதீக" என்று மட்டும் சொன்னாளாம். மறுநாள் குருசாமி வேலைக்கு வரும்போது அறைக்கு வந்து அதை வாங்கிக்கொண்டு போனார்.

கோச் சொன்னதுபோல எல்லாம் மனசுதான் என்று நீங்கள் சொல்லலாம். அப்படியே இருக்கட்டும். மனசுதான் என்றாலும் அது ராக்கெட்டைப் பிடித்துக்கொண்டுதானே கோர்ட்டில் நிற்கிறது? அவள் கை நம்பும் ஒரு ராக்கெட்டைக் கொடுத்தால்தான் அவள் ராக்கெட்டையே மறந்து ஆடுவாள். அதுவரைதான் என் வேலை என்று ஒரு நாள் நினைத்துக்கொள்கிறேன். மறுநாள், அது என்ன, நான் ஈயத்தைத் தப்பான பக்கம் ஒட்டிவிட்டேனோ என்று தோன்றுகிறது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அன்று கட்டரை அழுத்தாமல் கீழே வைத்தது சரி என்பது ஒன்றுதான். அதை மட்டும் என் வார்த்தைக்காக நம்புங்கள்.

அடுத்த வருஷம் நான் கடையை விட்டு நின்றேன். ஆனால் மாரீஸ்வரி லீவுக்கு வந்தால் என் வீட்டுக்கு வராமல் போக மாட்டாள். போன மாசம் கல்லூரியில் கொடுத்த புது ராக்கெட்டைக் கொண்டுவந்தாள். பிரேம் பளபளவென்று இருந்தது. விரல் நுனியில் தாங்கிச் சுற்றினேன். விட்ட இடத்தில் நின்றது.

"அன்னைக்கு மாதிரி செஞ்சு குடுங்க அத்தை" என்று ஈயப் பட்டையையும் நீட்டினாள்.

"எந்தப் பக்கம்ட்டி ஒட்ட?"

"அது உங்களுக்குத்தான அத்தை தெரியும்" என்று சொல்லிவிட்டு, காபி போட அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பட்டையைக் கத்தரித்து வலது பக்கம் வைத்துப் பார்த்தேன். எடுத்து இடது பக்கம் வைத்துப் பார்த்தேன். அவள் காபியோடு திரும்பி வந்தபோதும் பட்டை என் கட்டைவிரலில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது.